இளவரசர் எதிரில் சாப்பிட்டவன்

முன்னொரு காலத்தில், ராசாக்கள் வாயில் வந்ததெல்லாம் சட்டமாக இருந்த நாளில், ஒரு ராசாவின் பிள்ளை சாப்பிட மாட்டேன் என்றது. இதில் என்ன அதிசயம், எந்த வீட்டுப் பிள்ளை கூப்பிட்டவுடன் சாப்பிட வருகிறது என்று கேட்பீர்கள். நம் வீட்டுப் பிள்ளை சாப்பிடாவிட்டால் நாம் புலம்புவோம், அவ்வளவுதான். ராசா வீட்டுப் பிள்ளை சாப்பிடாவிட்டால் சமைத்தவள் உப்பளத்துக்குப் போக வேண்டும்.

நடக்கப் பழகி, ஓடவும் பழகிய வயது அந்த இளவரசனுக்கு. அவன் சாப்பாட்டு வேளைக்கு அரண்மனையே திரண்டுவிடும். ஒருவன் தவில் அடிப்பான். முற்றத்தில் யானையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். தாதிமார் இருவர் பிள்ளையின் கைகளைப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி மூக்கைப் பொத்த, சமையற்காரி சோற்றை வாயில் திணிக்க வேண்டும். அந்தச் சோறும், விஷம் இருக்கிறதா என்று ஒருவர் திரைக்குப் பின்னால் ருசி பார்த்து, வைத்தியர் முகர்ந்து, பிரதானி பார்வையிட்டு வருவதற்குள் ஆறிக் கட்டியாகிவிடும். பிள்ளை துப்பும். "என் மகனுக்குப் பரிமாறிய சோற்றை அவன் துப்பினால், சமைத்தவள் உப்பளத்தில் கிடக்கட்டும்" என்பார் ராசா. இப்படி எத்தனையோ பெண்கள் போனார்கள். ஒருத்தியும் திரும்பி வரவில்லை.

கடைசியாக வந்து மாட்டிக்கொண்டவள் செவந்தி. அரண்மனை விகடன் கூத்தையனின் தங்கை. புருஷன் இல்லாதவள். இளவரசன் வயதில் அவளுக்கும் ஒரு மகள் உண்டு, பெயர் செல்லாயி. வந்த அன்றைக்கே செவந்தியின் சோற்றையும் இளவரசன் துப்பினான். விகடனின் தங்கை என்பதால் ராசா இன்னும் ஒரு நாள் தவணை கொடுத்தார். பெரிய தயாளம்தான், போங்கள்.

அன்று சாயங்காலம் கூத்தையன் தங்கை வீட்டுக்குப் போனான். அவள் மகளோடு தரையில் உட்கார்ந்து கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். செல்லாயிக்கு முழங்கை வரைக்கும் கீரை.

"நாளைக்கும் அந்தப் புள்ள துப்புனா நான் போயிருவேன் அண்ணே. இவளை யாரு பார்த்துக்குவா?" என்றாள் செவந்தி.

கூத்தையன் செல்லாயியையே பார்த்தான். "இவ மட்டும் எப்படிம்மா இந்தப் போடு போடுறா?"

"நான் ஒண்ணும் ஊட்டுறதில்ல. நான் திங்கிறதைப் பார்ப்பா, தானா கையை வைப்பா. கீரையை எத்தனையோ தடவ துப்பியிருக்கா. நான் கண்டுக்கல. அப்புறம் அவளே எடுத்துத் தின்னுட்டா."

"அந்தப் புள்ள யாரு திங்கிறதப் பார்த்திருக்கு?"

செவந்தியின் கை தட்டிலேயே நின்றது. "யாரையும் பார்த்ததில்லையே அண்ணே."

அந்த நாட்டு வழக்கம் அப்படி. அரச குடும்பத்தார் எதிரில் பிறர் வாயசைத்து மெல்வது மரியாதைக் குறைவு. ராசா தனியே திரை போட்டு உண்பார், ராணி தனியே திரை போட்டு உண்பார். பெற்ற பிள்ளை எதிரில்கூடச் சாப்பிட மாட்டார்கள். பிறந்ததிலிருந்து ஒரு மனிதர் சோறு தின்று அந்தக் குழந்தை கண்டதில்லை. சாப்பாடு என்றால் கையைப் பிடித்து மூக்கைப் பொத்திச் செய்கிற தண்டனை என்றுதான் அதற்குத் தெரியும். அந்த வீட்டில் அறிவாளிகளுக்கு மட்டும் பஞ்சமில்லை.

மறுநாள் சபையில் கூத்தையன் எழுந்து வணங்கினான். "அரசே, குற்றம் சமையலில் இல்லை. திரைக்குப் பின்னால் ருசி பார்ப்பவர் உண்மையிலேயே பார்க்கிறாரா, யாருக்குத் தெரியும்?"

பிரதானி குலசேனனுக்குச் சுருக்கென்றது. ருசி பார்ப்பவர் அவருடைய மைத்துனர். விகடனை ஒழித்துக்கட்ட வழி தேடிக்கொண்டிருந்தவருக்கு இது வசதியாகவும் போயிற்று.

"அரசே, இன்று கூத்தையரே ருசி பார்க்கட்டும். இளவரசர் துப்பினால் தங்கையோடு அண்ணனும் உப்பளம் போகட்டும்."

"ஆகட்டும்" என்றான் கூத்தையன். "ஆனால் எனக்கு நாக்கு கொஞ்சம் மந்தம். திரைக்குப் பின்னால் சாவகாசமாக உட்கார்ந்துதான் பார்ப்பேன்."

"கேட்டீர்களா அரசே? சோற்றைப் பூனைக்குப் போட்டுவிட்டு வந்து நிற்பார். மண்டபத்தின் நடுவில், எல்லோர் கண்ணெதிரிலும் ருசி பார்க்க வேண்டும். தாங்கள் போதும் என்னும்வரை நிறுத்தக் கூடாது."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராசா.

மதியம் மண்டபத்தின் நடுவில் இலை விழுந்தது. ருசி பார்த்து முடியும்வரை இளவரசனை யாரும் நெருங்கக் கூடாது என்பது பழைய விதி. அதனால் தவில் நின்றது, தாதிமார் கையை விட்டார்கள். கூத்தையன் யாரையும் பார்க்கவில்லை. ஆவி பறக்கும் சோற்றில் பருப்பையும் நெய்யையும் விட்டுப் பிசைந்து, பசித்தவன் சாப்பிடுவதுபோல் சாப்பிட்டான். அப்பளம் நொறுங்கியது. அந்தச் சத்தத்துக்குப் பிள்ளை திரும்பியது.

மெல்ல நடந்து வந்து கூத்தையன் வாயையே பார்த்தது. உள்ளே போன சோறு எங்கே போகிறது என்று அவன் வாய்க்குள் விரலை விட்டுத் தேடியது. பிறகு அப்பளத்தில் ஒரு துண்டை எடுத்து நக்கிவிட்டுத் துப்பியது.

"துப்பிவிட்டார்" என்று எழுந்தார் பிரதானி. "அரசே, சட்டப்படி இருவரும் உப்பளம்."

செவந்தி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"சட்டம் பரிமாறிய சோற்றுக்கு, பிரதானியாரே" என்றான் கூத்தையன், வாயில் சோற்றோடு. "இது இன்னும் பரிமாறவில்லை. நான் ருசி பார்த்துக்கொண்டிருக்கும் சோறு. அரசர் இன்னும் போதும் என்று சொல்லவில்லையே."

"இளவரசர் எதிரில் மெல்கிறீர். அதுவே பெரிய குற்றம்."

"கண்ணெதிரில் மெல்லச் சொன்னவர் தாங்கள்தானே."

ராசாவின் கண்ணெல்லாம் பிள்ளையின் கையில் இருந்தது. அது இலைக்குள் இரண்டு கையையும் விட்டு, சோற்றைப் பிசைந்து, பாதியை மார்பில் பூசிக்கொண்டு, மீதியை வாயில் போட்டது. மென்றது. விழுங்கியது. மறுபடியும் கையை விட்டது.

ராசா சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றிக் கூத்தையனுக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்."

"நாளை முதல் தாங்களும் அரசியாரும் பிள்ளையோடு உட்கார்ந்து உண்ண வேண்டும். உப்பளத்துப் பெண்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்."

ராசா முன்னிலும் பலமாகச் சிரித்தார். "நான் தரையில் உட்கார்ந்து பிள்ளையோடு தின்பதா? விகடம் என்றால் இதுவல்லவா விகடம். அவர்களை அனுப்பிவிட்டால் உப்பை யார் அள்ளுவது?" சபையும் சேர்ந்து சிரித்தது. "நல்ல பரிசு நான் தருகிறேன். மகனுக்குப் பிடித்த கை மாறக் கூடாது. செவந்தி இனி இரவும் பகலும் அரண்மனையிலேயே இருக்கட்டும். நீ வேளை தவறாமல் அவன் எதிரில் உண்."

"வெளிப் பிள்ளைகளுக்கு அரண்மனையில் இடமில்லை, அரசே. அதுவும் வழக்கம்" என்று நினைவூட்டினார் பிரதானி. அன்றைக்கு அவர் முகத்தில் சிரிப்பு வந்தது அப்போதுதான்.

பாவி மனிதர்கள். வேறென்ன சொல்ல?

செல்லாயியைப் பக்கத்து வீட்டில் விட வேண்டியதாயிற்று. சில நாள் கழித்து அந்த வீட்டுக்காரி கூத்தையனைக் கூப்பிட்டனுப்பினாள். "கீரையை வச்சாலும் துப்புறா, களியை வச்சாலும் துப்புறா. வாயையே திறக்க மாட்டேங்குறா. நீங்களாச்சும் பாருங்கண்ணே."

கூத்தையன் காப்புப் போட்ட கையோடு செல்லாயியின் எதிரில் தரையில் உட்கார்ந்தான். களியில் கையை வைத்தான். விடிந்ததிலிருந்து ராசா மகனுக்காக உண்டு உண்டு அவன் வயிறு திம்மென்றிருந்தது. ஒரு உருண்டையை உருட்டி வாய்வரை கொண்டுபோனான். அதற்குமேல் முடியவில்லை. தட்டிலேயே வைத்துவிட்டான்.

செல்லாயி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.