யாரும் அழுத்தாத பட்டன்

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம். குரு மங்கையர்க்கரசிக்கு வயது நாற்பதுகூட இல்லை. சீடர் குற்றாலிங்கமோ வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்று வந்தவர். மாதாமாதம் ஆசிரமத்தின் மின்னஞ்சல் மடலைத் தயாரித்து அனுப்புவது அவர் பொறுப்பு.

இந்த மாத மடலில் மௌன முகாமுக்கு அழைப்பு. முகாம் நடத்தியே தீர வேண்டும் என்று குருவிடம் அடம்பிடித்துச் சம்மதம் வாங்கியவரும் அவர்தான். மடல் போய் ஒரு வாரமாகியும் ஒருவர்கூடப் பதிவு செய்யவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஆள் சேராவிட்டால் முகாம் கிடையாது. மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

"பட்டன ஒருத்தரும் அழுத்த மாட்டேங்காங்கம்மா. என்ன குறைன்னே தெரியல."

மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். மடலின் நடுவில், மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்த வர்ணம் போல ஒரு சிவப்புப் பட்டன். 'உடனே இங்கே அழுத்தவும்!' போதாதென்று அது விட்டு விட்டு நடுங்கவும் செய்தது.

"எதுக்கு நடுங்குது?"

"கண்ணுல படணும்லா."

"அழுத்தினா?"

"விண்ணப்பம் வரும்."

"சரி, முகாமுக்கு வாறவங்க எங்க படுப்பாங்க?"

"அதெல்லாம் ஆள் சேரட்டும்னு விட்டிருக்கேன். விருந்தினர் அறைய இன்னும் திறக்கவே இல்ல."

குருவுக்குச் சிரிப்பு வந்தது. "சாப்பாட்டு நேரமாச்சு. மரத்தடியில உக்காந்திருக்கவங்களக் கூப்பிடுங்க ஐயா. உங்க பட்டன் கூப்பிடுத மாதிரியே கூப்பிடணும்."

குருவின் பேச்சைத் தட்ட முடியுமா? அன்று ஆசிரமத்துக்கு வந்திருந்தவர்கள் நாவல் மரத்தடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். குற்றாலிங்கம் அவர்கள் முன்னால் போய் நின்று, கைகளை உயர்த்தி உடம்பை நடுக்கி, "உடனே இங்கே வரவும்!" என்று அலறினார்.

ஒரு பெண்மணி பாம்பு என்று நினைத்து எதிர்ப்பக்கம் ஓடினார். இன்னொருவர் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு, "வசூலா?" என்றார். மற்றவர்கள் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, விட்ட கதையைத் தொடர்ந்தார்கள். மறுபடி கத்தினார். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அவர் அங்கே கத்திக்கொண்டிருந்த நேரத்தில், குரு சாப்பாட்டுக் கூடத்தில் இலைகளை விரித்து, தண்ணீர் தெளித்து, ஓரத்தில் உப்பும் வைத்து முடித்திருந்தார். பிறகு வாசலுக்கு வந்து, பக்கத்து ஆளிடம் பேசுகிற குரலில் சொன்னார்:

"இலை போட்டாச்சு."

அவ்வளவுதான். கதை பாதியில் நின்றது. மரத்தடி மொத்தமும் எழுந்து கை கழுவப் போனது. பாம்புக்கு ஓடிய பெண்மணி முதல் பந்தியில் முதல் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

குற்றாலிங்கத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"பிடிச்சுட்டேன்மா! சிவப்பும் வேண்டாம், நடுக்கமும் வேண்டாம். பட்டன்ல 'இலை போட்டாச்சு'ன்னு எழுதிருதேன். கூட்டம் அள்ளும் பாருங்க!"

குரு ரச வாளியோடு பந்தியில் நின்றுகொண்டிருந்தார்.

"நல்லா எழுதுங்க ஐயா. இலையப் போட்டுட்டு எழுதுங்க."

குற்றாலிங்கம் மடிக்கணினியை மூடினார். கதவோரம் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு விருந்தினர் அறைப் பக்கம் நடந்தார்.