கோமளவல்லி ஓட்டுன காரு

ஒரு ஊர்ல ஒரு முணுமுணுப்பு மனுஷன் இருந்தாரு. சிங்காரம்னு பேரு. தஞ்சாவூர்ல, கல்லணையிலேருந்து வர்ற புது ஆத்துக்குப் பக்கத்துல வீடு. வழுக்கி விழுந்து, முட்டியில ஆபரேஷன். "நடக்கலேன்னா கால் மடங்காமயே போயிரும்"னு டாக்டர் சொல்லிட்டாரு. இவருக்கு மறுபடி விழுந்துருவோம்னு பயம். பயம்னு ஒத்துக்குவாரா? "வெயிலா இருக்கு", "தூக்கம் வருது"ன்னு கட்டிலை விட்டு எறங்கவே மாட்டாரு. உன்னை மாதிரிதான்!

ம்... அப்புறம், அவரு பொண்டாட்டி கோமளவல்லி என்ன பண்ணா? நேராப் போயி காரு ஓட்டக் கத்துக்கிட்டு வந்துட்டா. "வாங்க, ஆத்தோரமாவே கல்லணை வரைக்கும் போய்ட்டு வருவோம்."

அப்போ சித்திரை மாசம். முணுமுணுத்துக்கிட்டே கம்பை ஊனி வந்து ஏறுனாரு. டுர்ர்ர்... போனா, ஆத்துல பொட்டுத் தண்ணி இல்ல. பசங்க உள்ள எறங்கி கிரிக்கெட் ஆடுறாங்க. "மண்ணைப் பாக்கவா பெட்ரோல் போட்ட?"ன்னாரு. எறங்கல.

அப்புறம் ஆடி. ரெண்டு கரையும் முட்டத் தண்ணி, சலசல சலசலன்னு. பொம்பளைங்க பூ விடுறாங்க. அந்தக் காலத்து ராசா கட்டுன அணை மேல நின்னு ஊரே வேடிக்கை பாக்குது. இவரு, "எனக்குத் தலை சுத்துது"ன்னாரு. கண்ணு மட்டும் தண்ணி மேலயே!

தூங்கிட்டியா? ம்... சரி.

அப்புறம் ஐப்பசி. வயலெல்லாம் பச்சை, மழை சோ...ன்னு ஊத்துது. கரை ரோட்டுச் சகதியில சக்கரம் விர்ர்ர்னு சுத்துது, காரு நகரல. சுத்துமுத்தும் ஒரு ஆள் இல்ல. "நான் தள்ளுறேன், நீங்க ஓட்டுங்க"ன்னா.

"எனக்கு ஓட்டத் தெரியாதேடி!"

அப்போ அவரே கதவைப் பிடிச்சு மெதுவா எறங்குனாரு. கம்பைக் காருலயே விட்டுட்டாரு. பின்னாடி போய்த் தள்ளுனாரு. சர்ர்ர்... பொளக்! மூஞ்சியெல்லாம் சேறு. காரு கெளம்பிருச்சு.

கோமளவல்லி கண்ணாடியில பாத்தா. மனுஷன் கம்பு இல்லாம நடந்து வர்றாரு! நிறுத்துவாளா? மெதுவா நகத்திக்கிட்டே போனா.

"அடியே, நில்லு!"

"சகதிங்க! அந்தப் புளியமரத்துகிட்ட நிக்கிறேன்!"

புளியமரம் போச்சு. "அந்த மதகுகிட்ட!" மதகும் போச்சு. அப்புறம்தான் நின்னா. சிரிக்கிறா, கண்ணுல தண்ணியும் வருது.

மூச்சு வாங்க ஏறி உக்காந்தாரு. "இன்னொரு தடவை இப்படிப் பண்ணேன்னா, வீட்டுக்கு நடந்தே போயிருவேன், பாத்துக்க!"

"போங்களேன்! அதுக்குத்தானே இவ்வளவும்!"

அவ்வளவுதான், கதை வீட்டுக்குப் போயிருச்சு. நீ கண்ணை மூடு.