அலுமினியம் போட்டாச்சு

அந்த உருக்காலையில உலைக்குத்தான் சத்தம் ஜாஸ்தி. அதுக்கடுத்து சொரிமுத்துவுக்கு. இப்ப நினைச்சாலும் ரெண்டும் சேர்ந்துதான் காதுல கேக்குது.

யார் மாதிரி வேணும்னாலும் நடந்து காட்டுவான். ஒருநாள் கேன்டீன்ல, கிரேன் ஓட்டுற யாகூப் காலைச் சாய்ச்சு நடக்கறதை நடந்து காட்டினான். எல்லாரும் சிரிச்சாங்க. யாகூப்போட புது மருமகனும் சிரிச்சுட்டான்.

யாகூப் சொரிமுத்துகூடப் பேச்சை நிறுத்திட்டான். ஒண்ணா வேலைக்குச் சேர்ந்து, ஒரே டீயை ரெண்டா ஊத்திக் குடிச்சவங்க.

மறுநாள் சொரிமுத்து, ஜெபமணிகிட்ட வந்து நின்னான். ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. ஆனா உருக்குன்னு வந்தா ஜெபமணிதான் அவனுக்கு வாத்தியார்.

"மன்னிப்புக் கேட்டாச்சு வாத்தியாரே. இன்னும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான்."

"எப்பக் கேட்ட?"

"இப்பத்தான். கிரேன் கேபினுக்கே ஏறிப் போயி."

ஜெபமணி கொப்பரைப் பக்கம் திரும்பினார். கொப்பரையில உருக்கு தளதளன்னு கொதிச்சுக்கிட்டிருந்துச்சு. உள்ள மிச்சமிருந்த ஆக்சிஜனை எடுக்க அலுமினியத்தைப் போட்டார். கொதிப்பு அடங்குச்சு.

"வார்க்க அனுப்பிரலாமா?"

"இரு."

"அதான் அலுமினியம் போட்டாச்சே!"

"போட்டது என்ன ஆச்சு?"

"ஆக்சிஜனைப் புடிச்சு மண்ணாப் போச்சு."

"மண்ணு எங்க?"

"...உள்ளதான்."

"அது மேல வந்து, மிதக்கிற கசடுல சேரணும்."

அந்த மண்ணை மேல ஏத்த, அடியிலேருந்து ஆர்கான் வாயு சின்னச் சின்னக் குமிழா வந்துக்கிட்டிருந்துச்சு. சொரிமுத்து மேல பாத்துக் கத்தினான்.

"ஏ யாகூப்பு! அதான் கேட்டாச்சுல்ல, டீக்கு வாடா!"

கேபின் கண்ணாடி படக்னு மூடுச்சு.

அந்தக் கடுப்புல ஆர்கான் வால்வை ஒரே திருகாத் திருகிட்டான். குபீர்னு பொங்கி, மேல மூடியிருந்த கசடு பிளந்துச்சு. உருக்கு வெள்ளை வெளேர்னு கண்ணைக் குத்துச்சு.

ஜெபமணி ஓடி வந்து வால்வைக் குறைச்சார்.

"யோவ், என்ன பண்ற?"

"சீக்கிரம் மேல வரட்டும்னு..."

"மூடியைத் தொறந்துட்ட. இப்ப அது எதைக் குடிக்கும்?"

"காத்தை."

"காத்துல என்ன இருக்கு?"

"ஆக்சிஜன்"னு முனகினான் சொரிமுத்து. கசடு மெதுவா ஒண்ணு சேர்ந்து மூடுச்சு.

"வாத்தியாரே, இன்னொரு தடவை ஏறிப் போய்க் கேட்டுரட்டுமா?"

ஜெபமணி குமிழ்லேருந்து கண்ணை எடுக்கல.

"கேட்டது போதும். கிட்டயே நில்லு. வால்வுல கை வைக்காத."