பிந்தி வரும் சத்தம்

சீடர் குருவைவிட வயதில் மூத்தவராக இருந்துவிட்டால் ஒரு சங்கடம் உண்டு. யார் யாருக்கு எழுந்து நிற்பது? பாளையங்கோட்டையில் அருமைநாயகமும் ஜெமிமா டீச்சரும் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். இருவருமே எழுந்து நிற்பார்கள், பிறகு இருவருமே உட்கார மறந்துவிடுவார்கள். பாடமெல்லாம் நின்றபடியேதான் நடந்தது.

அருமைநாயகம் மின்வாரியத்தில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சர் ஆலயத்தில் கொயர் என்கிற பாடகர் குழுவை நடத்துகிறவர். அவரிடம் இவர் ஐந்து கோட்டில் இசை எழுதக் கற்றுக்கொண்டதற்கு ஒரே காரணம்தான். மகள் எப்சிபா பிறந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தவருக்குள் ஒரு பாட்டு வந்தது. வந்தது போகவே இல்லை. இப்போது எப்சிபாவுக்குக் கல்யாணம். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஆலயத்துக்குள் நடந்து வரும்போது கொயர் அந்தப் பாட்டைத்தான் பாட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அது தவிர அவள் எதையும் கேட்கவில்லை, புடவையைக்கூட அம்மா விருப்பத்துக்கே விட்டுவிட்டாள்.

பாட்டு மனதுக்குள் முழுசாக இருந்தது. கம்ப்யூட்டரில்தான் ஒரு பக்கத்தைத் தாண்ட மறுத்தது.

முதலில் ஜன்னல் படம் போட்ட சிஸ்டத்தில், வாசிக்கிற கீபோர்டை மாட்டி எழுதினார். கொஞ்ச நாளில் டீச்சர் முன்னால் வந்து நின்றார். டீச்சரும் எழுந்து நின்றார்.

"டீச்சர், கட்டைய அமுக்கினா சத்தம் பிந்தி வருது. அமுக்கினதுக்கும் கேக்கதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி. இசைக்கு எந்த சிஸ்டம் நல்லது?"

"எவ்வளவு இடைவெளி அண்ணாச்சி?"

"கண்ணு சிமிட்டுத நேரத்துல பத்துல ஒரு பங்கு இருக்கும்."

டீச்சர் ஒருமுறை கண்ணைச் சிமிட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப எழுதுங்க," என்றார்.

சீடர் இதை எப்படிப் புரிந்துகொண்டாரோ, மறுநாளே பழம் போட்ட கம்ப்யூட்டருக்கு மாறினார். சத்தம் கொஞ்சம் சீக்கிரம் வந்தது. ஆனால் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பிடிபடுவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது. பிறகு யாரோ பென்குயின் போட்ட சிஸ்டம் ஒன்று இருக்கிறது, அதில் எதையும் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். மின்வாரியத்துக்காரரிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. அங்கேயும் மாறினார், பிரித்தார், மாட்டினார். இடைவெளி இன்னும் குறைந்தது. பாட்டு அதே ஒரு பக்கத்தில் நின்றது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். அருமைநாயகத்துக்கு ஆடத் தெரியும். அதுதான் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. நல்ல ஆட்டக்காரர் கூடத்தை அளந்து அளந்தே நாளைப் போக்கிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது டீச்சர் சொல்லி அனுப்பினார். இருப்பதை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்கு வரட்டும், கொயர் வந்திருக்கும் என்று. அருமைநாயகம் புது சிஸ்டத்தில் பிரிண்ட் எடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். கோடுகள் அவ்வளவு நேர்த்தியாக விழுந்திருந்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

கொயரில் அடிக்குரல் பாடுகிற பேக்கரி பாக்கியநாதன் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, பாட்டு லத்தீன்லயா?"

அருமைநாயகம் எட்டிப் பார்த்தார். 'வா மகளே' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'th kfNs' என்று இருந்தது. முதல் சிஸ்டத்தில் ஏதோ ஒரு பழைய தமிழ் ஃபாண்டில் அடித்த வரி. சிஸ்டம் விட்டு சிஸ்டம் வீடு மாறி வந்ததில் அந்த ஃபாண்ட் கூட வரவில்லை. தமிழ் உதிர்ந்து, அடித்த ஆங்கில எழுத்துகள் மட்டும் மிஞ்சியிருந்தன. இத்தனை நாளும் அவர் கோடுகளைத்தான் பார்த்தார், வார்த்தையைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்குப் போய்ப் பழைய சிஸ்டத்தைத் திரும்ப ஏற்றி, ஃபாண்டைத் தேடி எடுத்துக்கொண்டு நாளைக்கு வருகிறேன் என்று பேப்பரையெல்லாம் திரும்ப வாங்க ஆரம்பித்தார். பாக்கியநாதன் கொடுக்க மாட்டேன் என்றார். போன ஈஸ்டருக்கு லத்தீன் பாடியதே நாங்கள்தான், இதற்கா அசரப் போகிறோம் என்று அவருக்கு ரோஷம்.

டீச்சர் சீடரை ஆலயத்து வாசலுக்கு அனுப்பினார்.

"அங்க இருந்து நடந்து வாங்க அண்ணாச்சி. எப்சிபா கையப் பிடிச்சிருக்க மாதிரி."

கொயர் "த் க்ஃப்ன்ஸ்" என்று பயபக்தியோடு தொடங்கியது. மேல்குரல் பாடுகிற பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் பேப்பருக்குள் முகத்தை மறைத்தார்கள். இரண்டாவது வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. மெட்டு அப்படிப்பட்டது. வார்த்தை எந்தப் பாஷையாக இருந்தாலும் ஒரு தகப்பன் பிள்ளையைக் கூப்பிடுகிறான் என்று கேட்டவர்களுக்குத் தெரிந்தது. அருமைநாயகம் வலது முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, ஒருவர் பிடித்துக்கொள்ள வாகாக வைத்துக்கொண்டு, நடந்து வந்தார்.

ஆலயத்தின் பாதி வந்ததும் பாட்டு நின்றது. கொயர் மொத்தமும் பேப்பரைத் திருப்பியது. பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"மிச்சம்?" என்றார் பாக்கியநாதன்.

அருமைநாயகம் நின்ற இடத்திலேயே நின்றார். ராத்திரிக்குள் எழுதிவிடுவதாகச் சொன்னார். மூன்று சிஸ்டத்தில் எதில் எழுதட்டும், அதை மட்டும் டீச்சர் சொன்னால் போதும் என்றார்.

"அத அப்புறம் சொல்லுதேன். இப்ப எப்சிபா வெள்ளப் பட்டும் தலையில நெட்டுமா நடுவழியில நிக்கா. அவள என்ன செய்யப் போறீங்க?"

அவர் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். முழங்கைக்குள் யாரும் இல்லை. அங்கே நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது. பாட்டு முடிகிற இடம் ஆல்டர், மாப்பிள்ளை காத்திருக்கிற பலிபீடப் படி. அங்கே மகள் கையை விட வேண்டும். எழுதி முடித்தால் விட்டுத்தான் ஆக வேண்டும். அவருக்குப் பயமாக இருந்தது. விஷயம் அவ்வளவுதான், சத்தம் பிந்தி வந்ததெல்லாம் சாக்கு.

வாயைத் திறந்தார். மிச்சப் பாட்டைப் பாடிக்கொண்டே நடந்தார். அவர் ஒரு வரி பாட, கொயர் அதைக் கேட்டு வாங்கித் திரும்பப் பாடியது. இந்த முறை சுத்தமான தமிழ். டீச்சர் பேப்பரின் வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே கூட வந்தார். ஆல்டர் படியில் பாட்டு முடிந்தது. அருமைநாயகம் மடக்கிய கையை மெதுவாகத் தாழ்த்தினார். கொயரில் பாக்கியநாதன் மூக்கைச் சிந்தினார்.

ஓய்வு பெற்றாலும் இன்ஜினீயர் இன்ஜினீயர்தானே. கண்ணைத் துடைத்துக்கொண்ட கையோடு கேட்டார்.

"எல்லாம் சரி டீச்சர். அமுக்கினதுக்கும் கேக்கதுக்கும் நடுவுல அந்த இடைவெளி, அது எதனாலதான் வருது?"

டீச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"அமுக்கினது ஆஸ்பத்திரி வராந்தாவுல. கேட்டது இன்னைக்கு. கம்ப்யூட்டரு என்ன செய்யும் அண்ணாச்சி, நடுவுல ஒரு பிள்ளைக்குக் கல்யாண வயசே ஆயிட்டே."