மணி தொடாத விரல்

ஒரு கை இருந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை சிவகாமியின் வலக் கை. அந்தக் கையில் ஆள்காட்டி விரல் வைத்ததுதான் சட்டம். முப்பது வருஷமாக வகுப்பில் "நீ எழுந்திரு", "நீ வெளியே போ" என்று நீண்டது அதுதான். இப்போது செல்போன் பூட்டைத் திறப்பதும் அதன் ரேகைதான்.

டீச்சர் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஜபம் செய்வதாக வேண்டிக்கொண்டார். ருத்திராட்ச மாலையை நடுவிரல் தாங்கும். கட்டைவிரல் ஒவ்வொரு மணியாகத் தள்ளும். ஆள்காட்டி விரல் மட்டும் மாலையைத் தொடக் கூடாது என்பது வழக்கம். "நான்" என்று மார்பைத் தட்டுவதும் "நீ" என்று குத்திக் காட்டுவதும் அதுதானே. ஆகவே விலகி, விறைத்து நின்றது.

முதல் வாரம் அதற்கு வேடிக்கையாக இருந்தது. "என்ன நெட்டையா, காலங்காத்தாலே சுமை தூக்கறியா?"

"தூக்கறவனுக்கு வலிக்கலை. பார்க்கறவனுக்கு ஏன் வலிக்குது?" என்றது நடுவிரல்.

இரண்டாம் வாரம் ஒன்று நடந்தது. மணிகள் உரசும் சத்தம் நின்றுபோயிற்று. மணிகள் நிற்கவில்லை. தள்ளுவது எது, தாங்குவது எது என்று பிரிக்க முடியாதபடி ஒரே ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஓட்டம் மெல்ல ஏறி ஆள்காட்டி விரலின் அடிக்கணுவைத் தொட்டது. விரல் தன் நுனியைத் தேடியது. நுனி இருக்கிற இடமே தெரியவில்லை.

அன்றைய ஜபம் முடிந்ததும், "கட்டையண்ணே, எங்கே போயிருந்தீங்க எல்லாரும்?" என்று கேட்டது.

"தெரியலை தம்பி. திரும்பி வந்த பிறகுதான் போயிருந்தோம்னே தெரியுது."

"ஒருநாள் திரும்பாமப் போயிட்டா?"



அதன்பின் பொழுது விடியப்போகிறது என்றாலே ஆள்காட்டி விரலின் நகம் வெளுத்தது. ஓட்டம் தினமும் சீக்கிரம் வந்தது, தாமதமாகப் போனது. ஒரு கணு போயிற்று. இரண்டாவதும் போயிற்று. நாற்பதாம் நாள் கடைசிக் கணுவும் கரையத் தொடங்கியபோது விரல் தாங்கமாட்டாமல் வளைந்து மாலையில் குத்தியது.

"நான் இருக்கேன்."

மாலை நழுவி மடியில் விழுந்தது. டீச்சர் கண்ணைத் திறந்தார். "அடடா, எவ்வளவு நல்லா உட்கார்ந்திருந்தேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் அந்தப் பேச்சே அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. நேற்று மாதிரி உட்கார்ந்திருக்கேனா? இன்னும் வரலையே? மணிகள் கூழாங்கல்லாய் நகர்ந்தன. முழங்கால் வலித்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தது. விரலுக்கு எல்லாமே நன்றாக உறைத்தது. அது விரும்பியதும் அதைத்தானே. ஆனால் பயம் மட்டும் போகவில்லை. மற்ற விரல்கள் அதனோடு பேசுவதை நிறுத்தியிருந்தன. யாரும் வராத வாசலுக்குத் தனியே காவல் நிற்பதுபோல் நாள் முழுக்க விறைத்து நின்றது.

நாற்பத்தெட்டாம் நாளும் வந்தது.

"வரமாட்டேங்குதுங்க. நான்தான் இருக்கேன், அது வரலை" என்றார் டீச்சர்.

கணவர் குஞ்சிதபாதம் வாசற்படியில் நின்று யோசித்தார். "கடைசி நாள்தானே. மாலையைக் கீழே வச்சுட்டுச் சும்மா உட்காரு. நான் போய் காபி போடறேன்."

மாலை இறங்கியது. கை மடியில் மல்லாந்து கிடந்தது. தள்ளவோ தாங்கவோ ஒன்றுமில்லை.

"இன்னைக்கு நீதான் வரணும், தம்பி" என்றது கட்டைவிரல்.

"வந்தா திரும்புவேனா?"

"திரும்புவே. ஆனா இப்படிக் கேக்கறவன் திரும்புவானான்னு எனக்குத் தெரியாது."

 நீட்டியே பழகிய ஆள்காட்டி விரல், கொஞ்சங்கொஞ்சமாக மடங்கி, கட்டைவிரலின் நுனியில் தலையை வைத்தது.

குஞ்சிதபாதம் காபியோடு வந்தார். கூப்பிட வாயெடுத்தவர், கூப்பிடாமல் நின்றார். மடியில் இரண்டு விரல் சேர்ந்த ஒரு சின்ன வட்டம் இருந்தது.

பயந்துகொண்டிருந்தவனை மட்டும் அங்கே காணவில்லை.