முதல் வாய்தா

குடிதண்ணீர் கேட்டதற்காக மில் நிர்வாகம் வேலையைவிட்டு நீக்கியதை எதிர்த்து, எங்கள் சங்கத்துப் பேச்சியக்கா இருபத்திரண்டு வருடம் வழக்கு நடத்தினார். ஓய்வு வயதுக்கு ஆறு மாதமே இருந்தது. அதற்குள் ஒருநாளாவது மில்லுக்குள் வேலைக்குப் போய்விட வேண்டும் என்பது அவர் வைராக்கியம்.

அவருடைய மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி சீறினார். “இத்தனை வருஷம் இழுத்தடித்தது யாரம்மா? முதல் வாய்தா வாங்கியவர் பேரைச் சொல்லு. இல்லையென்றால் தள்ளுபடி.”

“நீங்கதாங்க ஐயா. அப்ப மில்லுக்கு ஜூனியர் வக்கீலா இருந்தீங்க. சீனியருக்குக் காய்ச்சல்னீங்க. இப்பத் தேவலையா?”

கோர்ட்டே சிரித்தது. எங்களுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. பழைய வக்காலத்தில் நீதிபதியின் கையெழுத்து இருந்தது. தான் ஆஜரான வழக்கைத் தானே விசாரிக்கக் கூடாதென்று வேறு நீதிபதிக்கு அனுப்பினார்.

பேச்சியக்கா குமாஸ்தாவிடம் கேட்டார்: “புது ஜட்ஜ் அந்தக் காலத்துல யாருக்கு ஜூனியர்?”