ஒரு குறையும் வெச்சதில்லைங்க

தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்று, அறுபத்துமூன்று வயதில் சட்டம் படித்து முடித்தவர் தணிகாசலம். வக்கீல் கோகிலவாணியிடம் ஜூனியராகச் சேர்ந்தார். அந்த அம்மாவுக்கு வயது முப்பத்தாறுதான்.

முதல் வழக்கு பூங்கொடியுடையது. விவாகரத்து ஆகிவிட்டது. மகள் இனியாவுக்கு மாதம் இருபதாயிரம் ஜீவனாம்சம் கேட்டிருந்தாள். பூங்கொடிக்குத் துணிக்கடையில் பதினோராயிரம் சம்பளம். இனியாவின் அப்பா செங்கோட்டுவேல் நாலாயிரம்தான் தர முடியும் என்றான். போர்வெல் வண்டிகள் அவனுடையவைதான். காகிதத்தில் அண்ணன் பெயர். அவனுக்கு அங்கே பன்னிரண்டாயிரம் சம்பளமாம்.

ஒரு மாதம் அலைந்தும் தணிகாசலத்துக்கு ஒரு ஆதாரமும் சிக்கவில்லை.

"வருமானமே தெரியாம எவ்வளவு குடுக்கணும்னு எப்படி மேடம் முடிவு பண்ணுவாங்க?"

"வாங்க சார், கோர்ட்டுக்கு நேரமாச்சு."

செங்கோட்டுவேல் கூண்டில் விறைப்பாக நின்றான். கோகிலவாணி சம்பளத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

"பாப்பாவுக்கு என்னங்க பிடிக்கும்?"

அவன் முகம் இளகியது. "நீச்சலுங்க. மாவட்டத்துலயே முதலா வந்தா."

"யாருங்க சொல்லிக் குடுத்தாங்க?"

"ஈரோட்டுல தனியா கோச்சு வெச்சேன். வாரம் மூணு நாள் நானே கார்ல கூட்டிட்டுப் போவேன்."

"படிப்பு?"

"இருக்கறதுலயே பெரிய ஸ்கூலுங்க. வருசம் ஒண்ணேகால் லட்சம். எம்புள்ளைக்கு நான் ஒரு குறையும் வெச்சதில்லைங்க!"

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லாம் இந்தப் பன்னிரண்டாயிரத்திலா?"

செங்கோட்டுவேல் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தான்.

இரண்டு வாரத்தில் தீர்ப்பு வந்தது. தாயின் சம்பளம், பிள்ளையின் தேவை, தகப்பன் வீட்டில் அவள் வாழ்ந்த வாழ்க்கை, அதற்குச் செலவழித்த அவன் வசதி. எல்லாவற்றையும் எடைபோட்டு, கேட்ட இருபதாயிரமும் முழுதாக. பள்ளிக் கட்டணம் தனியாக.

பூங்கொடி படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே கோச்சுக்குப் போன் போட்டாள். "திங்கக்கிழமையிலிருந்து இனியா மறுபடியும் வருவாளுங்க சார்!"

தணிகாசலத்துக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. வராந்தாவில் ஓட்டமும் நடையுமாக வந்து கோகிலவாணியைப் பிடித்தார்.

"வண்டியைக்கூட அண்ணன் பேர்ல மறைச்சு வெச்ச ஆளு மேடம். கூண்டுல நின்னு அவனே சொல்லுவான்னு எப்படித் தெரிஞ்சுது?"

கோகிலவாணி அடுத்த வழக்குக் கட்டைக் கையில் எடுத்தார்.

"சம்பளத்தைக் கேட்டா முன்னாள் புருசன் பதில் சொல்லியிருப்பாரு சார். நான் அப்பாவைக் கூப்பிட்டேன்."